ராவ் சாரின் ப்ளகின்களும் யாழினியின் வளைகாப்பும்

காட்டூர் மண்டபத்துக்குள் கால் வைத்ததும் யாழினி முதல் வேலையாகத் தன் செல்போனை மாமியார் ஆனந்தவள்ளியிடம் கொடுத்துவிட்டாள். கொடுத்தாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அவர் வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றார், இவளால் தப்பிக்க முடியவில்லை. ஆனந்தவள்ளி கூட்டுறவுப் பண்டகசாலையில் ஆயுசு முழுக்க பில் போட்டு ஓய்வு பெற்றவர். போனைக் கைப்பைக்குள் போட்டு, கல்லாவைச் சாத்துகிற தோரணையில் ஜிப்பை இழுத்து மூடினார்.

"பேசினது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குங்க அத்தை."

"கடைசி வளையல் போட்டு முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கணும். நடுவுல ஆபீஸ் விஷயமா ஒரு தடவை எழுந்தாலும்..."

"ஆபீஸ் மார்ட்டினுக்கு. தெரியுங்க அத்தை."

தெரியும் என்று வாய் சொன்னதே தவிர, யாழினியின் கண் அந்தக் கைப்பையை விட்டு நகரவில்லை. ஏழு மாத வயிறு. உள்ளே இருந்தது ஒரு உதை விட்டது.

இந்தப் பந்தயம் எப்படி வந்தது என்று சொல்லிவிட்டால்தான் கதை நகரும். யாழினியும் அவளோடு காலேஜில் படித்த மார்ட்டினும் சேர்ந்து காட்டூரில் ஒரு மாடி அறையில் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்து லாட்ஜுகள், திருச்சிக் கடைகள், அரியமங்கலத்துப் பட்டறைகள் என்று ஊரில் பலருக்கு வெப்சைட் கட்டிக் கொடுத்து, அது விழாமல் பார்த்துக்கொள்வது தொழில். கட்டிக் கொடுப்பது சுலபம். விழாமல் பார்ப்பதில்தான் பிராணன் போகும்.

எல்லாம் இந்த ப்ளகின்களால் வருகிற வினை. வெப்சைட்டோடு மாட்டிக்கொள்ளும் உபரி வசதிகளுக்கு அந்தப் பெயர். பணம் வாங்க ஒன்று, ரூம் புக் பண்ண ஒன்று, படம் ஓட்ட ஒன்று. ஒரு பட்டனைத் தட்டினால் வந்து ஒட்டிக்கொள்ளும். வருவது ஏற்கெனவே இருப்பதோடு ஒத்துப்போகுமா என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை. ஒத்துப்போகாவிட்டால் மொத்த சைட்டும் துடைத்துவிட்டதுபோல் வெள்ளையாகிவிடும். அப்புறம் எதை எப்போது மாட்டினோம் என்று தேடித் தேடிக் கழற்ற வேண்டும்.

அம்மா மண்டபம் ரோட்டில் லாட்ஜ் நடத்தும் பீமராவுக்கு அந்தப் பட்டனைக் கண்டால் கை சும்மா இருக்காது. தங்கமான மனுஷர், பேச்சு சுத்தம், கொடுக்கல் வாங்கலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சைட்டில் கிளி பேச வேண்டும், மணி அடிக்க வேண்டும், பார்க்க வருகிறவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். மாட்டுவார். விழும். உடனே யாழினிக்குப் போன். "ஏம்மா, நான் ஒண்ணுமே பண்ணலியே, எப்படி வெள்ளையாச்சு?" என்பார். ஒன்றுமே பண்ணாமல் கிளி எங்கிருந்து பறந்து வந்ததாம்?

போன வருஷம் ஆடிப்பெருக்கு அன்று குடும்பமே காவிரிக் கரைக்கு, அம்மா மண்டபம் படித்துறைக்குக் கிளம்பிப் போயிருந்தது. ஆனந்தவள்ளி ஆற்றங்கரையில் படையல் போட்டு, மருமகளுக்குக் கட்ட மஞ்சள் கயிற்றோடு காத்திருந்தார். மருமகள் காரில் லேப்டாப்பும் கையுமாக இருந்தாள். பீமராவ் சைட்டில் மேலேயிருந்து பூ உதிர்கிற மாதிரி ஒரு ப்ளகினை மாட்டியிருந்தார். பூ உதிர்ந்ததோ இல்லையோ, பணம் வாங்குகிற ப்ளகின் உதிர்ந்துவிட்டது. பொறுத்துப் பார்த்த ஆனந்தவள்ளி கடைசியில் கார் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத்தான் மருமகளின் கழுத்தில் கயிற்றைக் கட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்த அவமானத்தில்தான் யாழினி வைராக்கியமாக உட்கார்ந்து எல்லா சைட்டையும் வேறு முறைக்கு மாற்றினாள். பட்டனையே எடுத்துவிட்டாள். ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரே ஒரு ஃபைல். எந்தெந்த ப்ளகின் வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும் என்று அதில் எழுதினால் போதும். கல்யாணத்துக்குச் சமையல் கான்ட்ராக்டரிடம் மெனுவைச் சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோமே, அப்படி. வடையை எப்படிச் சுடுவது என்பது அவர் பாடு. எழுதியதைப் படித்து, மெஷினே எல்லாவற்றையும் கொண்டுவந்து, பழைய சைட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று கட்டும். அதில் தானே ஒரு ரூம் புக் பண்ணிப் பார்க்கும். எல்லாம் சரி என்றால் மட்டும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். ஏதாவது கோளாறு என்றால் கட்டியதைக் கலைத்துவிடும், பழையது பாட்டுக்கு நிற்கும். எழுதாதது எதுவும் சைட்டில் இருக்க முடியாது. கிளிக்கு வேலை போய்விட்டது.

பட்டன் போனதில் பீமராவுக்கு மனசு விட்டுப்போயிற்று. நேரில் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா யாழினி, என் லாட்ஜ் சுவத்துல நான் ஒரு ஆணி அடிக்கக் கூடாதா?"

கேட்டது நியாயம்தானே? யாழினிக்கு உறைத்தது. அவருடைய ஃபைலை அவரே திறந்து எழுதிக்கொள்ள வழி செய்து, எப்படி எழுதுவது என்று காட்டியும் கொடுத்தாள். மார்ட்டின் தலையில் கை வைத்துக்கொண்டான். "நாம எழுதினா உடையாதுன்னு நமக்குத் தெரியும். அவர் எழுதினா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?" என்றான். ஆனால் பீமராவ் கோபம் தணியாமல் அந்த ஃபைல் பக்கமே போகவில்லை. அதனால் மார்ட்டினின் கேள்விக்கு விடை தெரியாமலே கிடந்தது.

யாழினி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது வீடே குதித்தது. ஆனந்தவள்ளியும் குதித்தார், ஆனால் குதித்த கையோடு கேட்டார்: "பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டிருக்கிறப்போ அந்த ராவ் கூப்பிட்டா என்ன பண்ணுவ? பிள்ளையைக் கீழே போட்டுட்டு ஓடுவியா?" இனிமேல் ஓட வேண்டியிருக்காது, எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன் என்று யாழினி சொன்னாள். ஃபைல், பதிப்பு, பழையது நிற்கும் என்று மூச்சு விடாமல் விளக்கினாள். "வாயால சொன்னா ஆச்சா? வளைகாப்பு அன்னிக்கு உட்கார்ந்து காட்டு" என்றார் ஆனந்தவள்ளி. காட்டுகிறேன் என்றாள் இவள், நடுவில் எழுந்துவிட்டால் ஆபீஸ் மார்ட்டினுக்கே என்று பேச்சாயிற்று. யாழினியின் புருஷன் அன்புச்செல்வன், அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருப்பவன், இருவருக்கும் நடுவில் வாயைத் திறக்கவில்லை. புத்திசாலி.

இப்போது மேடை நாற்காலியில், அரக்குப் பட்டுப் புடவையில், கழுத்து கொள்ளாத மாலையோடு யாழினி உட்கார்ந்திருந்தாள். வையம்பட்டியிலிருந்து வந்திருந்த அவள் அம்மா மயிலம்மாள் முதலில் வேப்பங்குச்சிக் காப்பைப் போட்டுவிட்டு, கன்னத்தில் சந்தனத்தை அப்பினாள். அப்புறம் அத்தைகள், சித்திகள், பக்கத்து வீட்டார் என்று வரிசை. சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டிலிருந்து ஏறிக்கொண்டே போயின. கையை அசைத்தால் கலகலவென்றது. வயிற்றுக்குள் இருப்பது கேட்கட்டும் என்று பெண்கள் வேண்டுமென்றே அவள் கையைக் குலுக்கிவிட்டார்கள். யாழினிக்குச் சிரிப்பாக வந்தது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள். மார்ட்டினும் வந்து மூக்கு முட்டச் சாப்பிடுவதற்காகப் பந்திக்குப் போய்விட்டான். இப்படியே முடிந்துவிடும் என்றுதான் நினைத்தாள்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில், ஃபேனுக்குக் கீழே பீமராவைப் பார்த்தாள். வளைகாப்புக்கு அவரையும் அவர் வீட்டு மாமியையும் அவள்தான் கூப்பிட்டிருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து, ஒற்றை விரலால் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நாக்கு நுனி வெளியே எட்டிப்பார்த்தது. அந்த முகத்தை யாழினிக்கு நன்றாகத் தெரியும். கிளியை மாட்டும்போது இருந்த முகம் அது.

வளையல் போட மாமி மேடையேறியதும் யாழினி மெதுவாகக் கேட்டாள். "மாமி, சார் போன்ல என்ன பண்றாங்க?"

"அந்த மனுஷன் எங்கதான் சும்மா இருக்கார்? வைகுண்ட ஏகாதசிக்கு ரூம் புக்கிங் இன்னிக்குத்தானே ஆரம்பம். நெல்லூர்லேர்ந்து ஒரு கோஷ்டி கூப்பிட்டு, சைட்ல எல்லாம் தமிழா இருக்கு, ஒண்ணும் புரியலேன்னுதாம். தெலுங்குல காட்டறதுக்கு ஏதோ ப்ளகின் இருக்காமே, இப்பவே போட்டாகணும்னு ஃபைலைத் திறந்துண்டு உட்கார்ந்திருக்கார். நீ சிரி, போட்டோ எடுக்கறா பார்."

யாழினி சிரித்தாள். அந்தப் போட்டோவைப் பின்னால் பார்த்தவர்கள் எல்லோரும் ஏன் பேயைப் பார்த்த மாதிரி சிரிக்கிறாய் என்று கேட்டார்கள்.

இன்றைக்கா? ஏகாதசி புக்கிங் திறந்த அன்றைக்கா? ஸ்ரீரங்கத்து லாட்ஜ்காரர்களுக்கு வருஷத்துக்கே இதுதானே அறுவடை. சைட் விழுந்தால் வந்தவர்கள் அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுவார்கள். பீமராவ் இவளை விட்டுப் போய்விடுவார். அவர் சொல்லி வந்தவர்கள் பாதிப் பேர், அவர்களும் போவார்கள். எழுந்தால் ஆபீஸ் போகும், எழாவிட்டால் ராவ் சார் போவார். நல்ல வகையாக மாட்டிக்கொண்டாயடி யாழினி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மேடை ஓரத்தில் நின்ற அன்புச்செல்வனுக்குக் கண்ணைக் காட்டினாள். மூன்றாவது வரிசையைக் காட்டினாள், பந்தியைக் காட்டினாள், புருவத்தை ஏற்றி இறக்கினாள். அவன் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தான். ஆபீஸ் பேச்சே பேசக்கூடாது என்றும் பந்தயத்தில் ஒரு கண்டிஷன், வாய் விட்டுச் சொல்லவும் முடியாது. அவள் தண்ணீரைக் குடித்துத் தொலைத்தாள்.

பீமராவ் போனை ஒரு தட்டு தட்டினார். காத்திருந்தார். முகம் சுருங்கியது. அழித்து எழுதினார். மறுபடி தட்டினார். மறுபடி சுருங்கியது. அவருக்குக் கோபம் ஏறுவது மேடையிலிருந்தே தெரிந்தது. அப்புறம் யாருக்கோ போன் போட்டுக் காதில் வைத்தார். வேறு யாருக்குப் போடுவார், இவளுக்குத்தான். யாழினி பதறிப்போய் மாமியாரைத் தேடினாள். ஆனந்தவள்ளியை எங்கேயும் காணவில்லை. போனை யாரும் எடுக்கமாட்டார்கள், ராவ் சார் எழுந்து நேரே மேடைக்கு வந்து கத்தப்போகிறார் என்று நினைத்தாள். ஆனால் அந்தப் பக்கம் யாரோ எடுத்துவிட்டார்கள். பீமராவ் ஏதோ படபடவென்று பேசினார். பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டு கேட்டார். தலையை ஆட்டினார். போனை இறக்கி எழுதினார். மறுபடி காதில் வைத்தார்.

இவள் எடுக்கமாட்டாள் என்று தெரிந்து மார்ட்டினுக்கு அடித்திருப்பார் போலிருக்கிறது. பாயசத்தோடு உட்கார்ந்திருக்கிறவன் என்னத்தைப் பார்த்துச் சொல்வான்? அவனுக்கு அவசரம் அதிகம், ஒன்று கிடக்க ஒன்று சொல்லிவைப்பான். யாழினியின் கை தானாக நாற்காலிப் பிடியை அழுத்தியது. உடம்பு முன்னால் சாய்ந்தது. வளையல்கள் அத்தனையும் ஒன்றாகச் சரிந்து சத்தம் போட்டன.

"என்னடி, எங்க எழுந்திரிக்கிற?" என்றாள் மயிலம்மாள். "இன்னும் ஆள் பாக்கி இருக்கு."

யாழினி அப்படியே நின்றாள். நின்றாள் என்றால் எழவில்லை, பாதியில் நின்றாள். அந்த ஒரு நொடியில் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. தவறாக எழுதினால் பழையது நிற்கும் என்று ஊரெல்லாம் சொன்னது யார்? எழுதியது அப்படித்தான், கட்டியது அப்படித்தான், எத்தனையோ தடவை சோதித்துப் பார்த்ததும் அவள்தான். தான் கட்டியதைத் தானே நம்பாவிட்டால் அத்தை எப்படி நம்புவார்? இப்போது ஓடினால் ஆயுசுக்கும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ராவ் சார் உடைக்கட்டும், உடைகிறதா பார்த்துவிடுவோம் என்று பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். பயம் போய்விட்டது என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆனாலும் கையைப் பிடியிலிருந்து எடுத்து, அடுத்து வளையலோடு நின்ற பெண்மணியிடம் நீட்டினாள்.

கடைசி வளையலும் ஏறியது. ஆரத்தி சுற்றினார்கள். ஆரத்தித் தட்டு அந்தப் பக்கம் போனதும் பீமராவ் இந்தப் பக்கம் மேடையேறி வந்தார்.

"இதோ பார்" என்று போனை நீட்டினார். லாட்ஜின் பெயர், ரூம் வாடகை, கோயிலுக்கு எத்தனை தூரம் என்கிற வரைக்கும் எல்லாம் வட்ட வட்டமாகத் தெலுங்கில் நின்றது. "நானே போட்டேன். என் கையால போட்டேன்!"

"விழலையா சார்?"

"விழறதாவது! எவ்வளவு தப்பா எழுதினேன் தெரியுமா? எழுதி அனுப்பறேன், வாங்கிக்கவே மாட்டேங்கறது. நான் எந்தக் காரியம் எழுதினாலும் முதல்ல ஸ்ரீராமஜெயம் போடாம ஆரம்பிக்கமாட்டேன், உனக்குத்தான் தெரியுமே. ஃபைல்லயும் முதல் வரியில போட்டேன். ஸ்ரீராமஜெயம்னு ஒரு ப்ளகின் உலகத்துலயே எங்கேயும் கிடைக்கலேன்னு சொல்லிடுத்தும்மா உன் மெஷின்! எனக்கு வந்த கோபத்துக்கு..." பீமராவ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆனா ஒண்ணு, நான் இங்க தப்புத்தப்பா எழுதிண்டிருந்த நேரமெல்லாம் சைட் அசையாம நின்னுது. நடுவுல சேலத்துலேர்ந்து யாரோ ரூம்கூட புக் பண்ணிட்டா."

யாழினிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் கண் எரிய உட்கார்ந்ததற்கு இந்த ஒரு வார்த்தை போதும் என்றிருந்தது. "அப்புறம் எப்படி சார் சரியாச்சு? மார்ட்டின் சொன்னானா?"

"மார்ட்டின் அங்க அப்பளத்தை நொறுக்கிண்டிருக்கான். உன் நம்பருக்குத்தான் பண்ணினேன். உங்க ஆபீஸ் அம்மா எடுத்தா. ஸ்ரீராமஜெயத்தை எடுக்க வேண்டாம், கேஸ் புக் பண்றப்போ கடைசியில அமுக்குவோமே, அந்தக் கட்டம் போட்ட பட்டன், அதை அந்த வரிக்கு முன்னாடி போடுங்கோ, அந்த வரியை மெஷின் படிக்காமத் தாண்டிப் போயிடும், சாமி பேரு மேலேயே இருக்கட்டும்னா. போட்டேன், உடனே வாங்கிண்டுடுத்து. கொஞ்சம் கறாரான குரல். ஆனா கெட்டிக்காரி. புதுசா சேர்த்திருக்கியா? விட்டுடாதே."

யாழினி மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஸ்டோர் ரூம் கதவைத் திறந்துகொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டியபடி ஆனந்தவள்ளி வந்துகொண்டிருந்தார்.

"அத்தை, நீங்களா போன் எடுத்தீங்க?"

"பின்ன, அடிச்சுக்கிட்டே இருந்தா? வெளியில மேளச் சத்தம், அதான் ஸ்டோர் ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டு எடுத்தேன். மருமக உட்கார்ந்திருக்கா, எழுந்திரிக்க மாட்டா, விஷயத்தை என்கிட்ட சொல்லுங்கன்னேன்."

"உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?"

"ஏன், எனக்குக் காது இல்லையா? ராத்திரி பகலா அடுப்படியில நின்னுக்கிட்டு மார்ட்டின்கிட்ட கத்துவியே. நீ பிள்ளையார் சுழிக்கு முன்னாடி அந்தக் கட்டத்தைப் போடுறதை நான் பார்த்ததில்லையா?" என்றவர், மருமகளின் கன்னத்தில் வழிந்ததைத் தன் முந்தானையால் ஒற்றினார். "எதுக்கு இப்ப அழற? சந்தனமெல்லாம் கரையுது பாரு."

"இல்லைங்கத்தை, நான் எழுந்திரிச்சா ஆபீஸை விடணும்னு நீங்கதானே சொன்னீங்க. போனை எடுக்காம விட்டிருந்தா நான் எழுந்திருப்பேன். பந்தயத்துல நீங்க ஜெயிச்சிருக்கலாமே."

"வேலையை விடுன்னா சொன்னேன்? இந்த ஓட்டத்தை விடுன்னேன். எழுந்திரிக்கப் போனியே, அதை நான் கதவிடுக்குல பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் நீயா சாஞ்சு உட்கார்ந்த பாரு, அங்கேயே முடிஞ்சுபோச்சு." ஆனந்தவள்ளி குரலை இறக்கினார். "எனக்கும் ஒரு நிமிஷம் உசுரு போயிடுச்சு. வா, வந்து சாப்பிடு. தேங்காய் சாதம் தீர்ந்துடும்."

பந்தியில் மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று இலை நிறைந்தது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறியிருந்ததால் யாழினிக்குக் கையை மடக்கவே சிரமமாக இருந்தது. முதல் கவளத்தை எடுத்திருப்பாள், ஆனந்தவள்ளியின் கைப்பைக்குள் போன் அடித்தது.

யாழினி இலையிலிருந்து கையை எடுத்தாள். பழக்கம், வேறென்ன.

"நீ சாப்பிடு" என்றார் ஆனந்தவள்ளி. இடது கையால் ஜிப்பைத் திறந்து, போனைக் காதில் வைத்து, பண்டகசாலைக் குரலில் சொன்னார்:

"வணக்கம், யாழினி ஆபீஸ். சொல்லுங்க, என்ன எழுதினீங்க?"